கந்தளாய் வானில் வால்வெள்ளித் தூசி

மே மாதத்தின் முதல் வாரத்தில், விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகக் கந்தளாய்க் குளக்கட்டில் நின்று கிழக்கு வானத்தைப் பார்த்தால் எரிகற்கள் கண்ணில் படும். கும்ப ராசிப் பக்கமிருந்து புறப்பட்டு, நீளமாகக் கோடிழுத்து மறையும் இவை ஹேலி வால்வெள்ளி நூற்றாண்டுகளுக்கு முன் உதிர்த்துவிட்டுப் போன தூசி. மணலளவோ அதிலும் சிறியதோ ஆன துகள் நொடிக்கு 66 கிலோமீற்றர் வேகத்தில் வளிமண்டலத்துள் புகுந்து, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் எரிந்துபோகிறது. இதே தூசியைப் பூமி ஒக்ரோபர் மாதத்திலும் ஒருமுறை கடக்கிறது. ஆனால் அந்த நேரம் கிழக்கு மாகாணத்தில் மழைமுகில் கூடத் தொடங்கிவிடும். மே மாதம்தான் கந்தளாய்க்கு வாய்த்த மாதம். இடமும் தோதான இடம். ஐரோப்பாவில் இந்த எரிகற்கள் கிளம்பும் திசை அடிவானத்தை விட்டு அதிகம் மேலேறுவதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது. பூமத்திய கோட்டுக்கு எட்டுப் பாகைக்குச் சற்று வடக்கே இருக்கும் கந்தளாயில் அது இருட்டு கலையுமுன்பே நன்றாக மேலேறிவிடும்.

எரியாத தூசியும் இங்கே தெரியும். மாசி, பங்குனி மாதங்களில் நிலவில்லாத இரவுகளில், மேற்கே செக்கல் முழுதும் மறைந்த பின் அடிவானத்திலிருந்து மங்கலான வெண்ணிற ஒளி கூம்புபோல் எழுந்து நிற்கும். இராசிமண்டல ஒளி எனப்படும் இது, கோள்களுக்கிடையே பரந்து கிடக்கும் தூசியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி. குறைந்த அகலக்கோடுகளில் சூரியன் செல்லும் பாதை அடிவானத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால், உலர் வலயத்தின் இருண்ட குளக்கரைகள் இதைக் காணச் சிறந்த இடங்கள். இந்தத் தூசியின் பெரும்பகுதி வியாழனின் ஈர்ப்பில் சிக்கிச் சூரியனை அடிக்கடி சுற்றிவரும் வால்வெள்ளிகள் கொட்டியது. அதில் ஒரு பங்கு பூமியிலும் விழுகிறது. அந்தாட்டிக்காவில் பனியை உருக்கி வடித்துப் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5,200 தொன் விண்துகள் எரிந்து தீராமல் தரையை வந்தடைகிறது. கந்தளாய் வயல்களிலும் குளத்து நீரிலும் அது படிந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே.

சூரியத் தொகுதியின் வயது ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டுகள். வாயுவும் தூசியும் கலந்த பெருமுகிலொன்று தன் ஈர்ப்பால் சுருங்கியது. நடுவில் சூரியன் உருவாக, சுற்றிலும் தட்டாகச் சுழன்ற மிச்சத்திலிருந்து கோள்கள் திரண்டன. பூமி போன்ற பெரிய கோள்கள் உள்ளே உருகி, இரும்பு அடியில் தங்கிப் பாறை மேலே மிதந்து, ஆரம்பப் பொருளின் அடையாளத்தை முற்றாக இழந்துவிட்டன. வால்வெள்ளிகள் சிறியவை, சூரியனிலிருந்து வெகுதூரத்தில் உறைபனியோடு உறைந்து கிடந்தவை. குளத்தின் அடிவண்டலைத் தோண்டிப் பார்ப்பவர் அதற்கு நீர் கொண்டுவந்த நிலங்களையெல்லாம் இனங்காண்பதுபோல, வால்வெள்ளித் தூசியைப் பார்ப்பவர் கோள்களுக்கு முந்திய காலத்தை இனங்காணலாம். இந்த எண்ணம் ஆய்வகத்தில் உறுதிப்பட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த இருநூறு ஆண்டுக் கதையில் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் உள்ள இடம் சிறியதல்ல.

பழைய காலத்தில் வால்வெள்ளி ஆராய வேண்டிய பொருளாக இருக்கவில்லை. அஞ்ச வேண்டிய குறியாக இருந்தது. சிலப்பதிகாரத்தில் அதற்குப் புகைக்கொடி என்று பெயர். புறநானூற்றில் கபிலர், வானத்தில் அத்தகைய தீக்குறிகள் தோன்றிய காலத்திலும் பாரியின் நாடு வளம் குன்றாதிருந்ததை நினைந்து பாடுகிறார். மழை பொய்க்கும், அரசன் மாள்வான், குளம் உடையும் என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக நீடித்தது. ஐரோப்பாவிலும் நிலைமை வேறல்ல. வானத்திலிருந்து கல் விழும் என்பதையே படித்தவர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசிவரை நம்பவில்லை. ஜேர்மனியரான எர்ன்ஸ்ட் கிளாட்னி அதை வாதிட்டு நூல் எழுதியது 1794இல்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1795 ஏப்ரல் மாதத்தில், திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கரையோரத்தில் முல்லைத்தீவில் கல் விழுந்தது. ஒல்லாந்தர் கையிலிருந்து திருகோணமலைக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியதும் அந்த ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தில்தான். கோட்டையின் கதை எல்லா வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. கல்லின் கதை விண்கற் பட்டியல்களில் ஒரு வரியாக நின்றுவிட்டது. எஞ்சியிருப்பது சில கிராம் எடையுள்ள துண்டு மட்டுமே. அது கொண்ட்ரைட் எனப்படும் வகையைச் சேர்ந்தது. உருகிய துளிகள் விண்வெளியில் மிதந்தபடியே குளிர்ந்து இறுகிய சிறு உருண்டைகளால் ஆன கல் அது. அந்த உருண்டைகளுக்குக் கொண்ட்ரூல் என்று பெயர்.

1857 பெப்ரவரி 28இல் மதுரைக்குத் தெற்கே இன்னும் பெரிய விழுகை நிகழ்ந்தது. பட்டியல்களில் பர்நல்லி என்று பதிவான ஊரில் இடிமுழக்கம் போன்ற ஒலியுடன் இரண்டு கற்கள் விழுந்தன. இரண்டும் சேர்ந்து 77 கிலோகிராமுக்கு மேல். பெரிய கல் இலண்டனுக்குப் போனது. பிற்காலத்தில் வெப்பத்தால் அதிகம் மாறாத கொண்ட்ரைட்டுகளுள் பர்நல்லி ஒன்று என்பதால், கொண்ட்ரூல்களைப் பற்றிய ஆய்வுகளில் இன்றுவரை அதன் பெயர் அடிபடுகிறது. மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்நோக்கியில் வைத்தால், ஒலிவின், பைரொக்சீன் கனியங்கள் கதிர் கதிராகப் படிந்த உருண்டைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். ஹென்றி சோர்பி என்ற ஆங்கில நிலவியலாளர் இத்தகைய உருண்டைகளைப் பார்த்து, இவை ஒரு காலத்தில் உருகிய துளிகளாக இருந்தவை என்ற முடிவுக்கு 1870களில் வந்தார். முல்லைத்தீவுக் கல்லையும் பர்நல்லிக் கல்லையும் இங்கே விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. இவை சிறுகோள்களிலிருந்து வந்தவை. வால்வெள்ளிக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்றுதான் நூற்றாண்டுக்கும் மேலாகக் கருதப்பட்டது.

வால்வெள்ளி தூசியைச் சொரிகிறது என்பது 1866இல் தெளிவானது. ஓகஸ்ட் மாத எரிகற்களின் பாதையும் 1862இல் காணப்பட்ட ஒரு வால்வெள்ளியின் பாதையும் ஒன்றே என்று இத்தாலியரான ஜொவான்னி ஸ்கியாப்பரெல்லி கணக்கிட்டுக் காட்டினார். ஆறு ஆண்டுகளில் அதற்குக் கண்கூடான சான்று கிடைத்தது. பியேலா என்ற வால்வெள்ளி ஏறத்தாழ 6.6 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வந்தது. 1846இல் அது இரண்டாகப் பிளந்தது. 1852இல் இரு துண்டுகளும் வந்தன. பிறகு காணவே இல்லை. 1872 நவம்பர் 27 இரவு, பியேலாவின் பாதையைப் பூமி கடந்தபோது ஐரோப்பிய வானில் மணிக்கு ஆயிரக்கணக்கில் எரிகற்கள் பொழிந்தன.

கெட்டிங்கனில் இருந்த வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ் ஒன்றை ஊகித்தார்: பியேலா பூமியைத் தொட்டுக் கடந்திருந்தால், அது இப்போது தென்வானத்தில் சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தின் பக்கம் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து அதைப் பார்க்க முடியாது. தெற்கே, தந்திக் கம்பி எட்டக்கூடிய தூரத்தில், நல்ல தொலைகாட்டியோடு இருந்த இடம் மதராஸ். அங்கே நோர்மன் பொக்சன் வானாய்வகத்தின் தலைவராக இருந்தார். பியேலா பூமியைத் தொட்டது, சென்டாரசுக்கு அருகே தேடுக என்ற பொருளில் தந்தி ரஷ்யா வழியாகப் போனது.

மதராஸ் வானாய்வகம் கிழக்கிந்தியக் கம்பனியால் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்டது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. பொக்சனுக்கு அங்கே வலக்கையாக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி மாறும் விண்மீனொன்றை 1867இல் கண்டறிந்தவர் அவர். தந்தி வந்த நேரமோ வடகீழ்ப் பருவமழையின் உச்சம். இரண்டு விடியற்காலைகள் முகிலிலும் மழையிலும் வீணாயின. அடுத்த விடியலில் முகில் சற்றே விலகிய இடைவெளியில் பொக்சன் வால்வெள்ளியைப் பிடித்துவிட்டார்: வட்டமாக, பிரகாசமாக, நடுவில் கரு தெரிய, வாலின்றி. மறுநாள் விடியலில் மீண்டும் பார்த்தார். அப்போது மங்கலான வாலும் இருந்தது. அதற்குப் பிறகு முகில் மூடிவிட்டது. யாருக்கும் அது மறுபடி அகப்படவில்லை.

இரண்டு நோக்கல்களை வைத்து ஒரு பாதையைக் கணிக்க முடியாது. குறைந்தது மூன்று வேண்டும். பொக்சன் கண்டது பியேலா அல்ல, தற்செயலாக அந்தத் திசையில் இருந்த வேறொரு வால்வெள்ளி என்று பிற்காலக் கணக்குகள் காட்டின. ஆனால் அந்த டிசம்பர் விடியல்களின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. எரிகல் மழையைக் கண்டு அதைச் சொரிந்த வால்வெள்ளியைத் தேடி ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குத் தந்தி போனது. தூசியும் வால்வெள்ளியும் ஒன்றே என்ற எண்ணம் அந்த அளவுக்கு வேரூன்றியிருந்தது. தென்வானம் தெரியும் அகலக்கோட்டில் ஓர் ஆய்வகம் இருக்க வேண்டியதன் தேவையும் அன்று வெளிச்சமானது.

மதராசின் பணி 1899க்குப் பிறகு கொடைக்கானலுக்கு நகர்ந்தது. 1910இல் ஹேலி வந்தபோது ஜோன் எவர்ஷெட் அங்கிருந்து அதைப் புகைப்படத் தட்டுகளில் பதிந்தார். அந்த ஆண்டு மே மாதத்தில் பூமி ஹேலியின் வாலினூடாகச் செல்லும் என்றும், வாலில் நச்சு வாயு உண்டு என்றும் பத்திரிகைகள் எழுத, உலகெங்கும் பீதி பரவியது. பூமி கடந்து போனது, ஒன்றும் நடக்கவில்லை.

மதராசில் 1927இல் பிறந்த வைணு பாப்பு 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது புகைப்படத் தட்டொன்றில் புதிய வால்வெள்ளியைக் கண்டறிந்தார். அது பாப்பு–பொக்–நியூகிர்க் என்று மூவர் பெயரால் வழங்குகிறது. தாயகம் திரும்பி, 1960இல் கொடைக்கானலின் பொறுப்பேற்று, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கியவர் அவரே. அங்கே அவர் திட்டமிட்ட 2.34 மீற்றர் தொலைகாட்டி 1986 ஜனவரி 6இல், ஹேலி சூரியனை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் திறந்துவைக்கப்பட்டது. பாப்பு அதைப் பார்க்கவில்லை, 1982இலேயே மறைந்துவிட்டார்.

வால்வெள்ளியின் கரு தூசி கலந்த பனிக்கட்டி என்ற கருத்தை அமெரிக்கரான ஃபிரெட் விப்பிள் 1950இல் முன்வைத்தார். அந்தத் தூசி எதனாலானது என்ற கேள்விக்குத் தனித்துவமான விடை கூறியவர் இலங்கையரான சந்திரா விக்கிரமசிங்க. 1939இல் கொழும்பில் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, கேம்பிரிட்ஜில் ஃபிரெட் ஹொய்லின் மாணவரானார். 1962இல் இருவரும் விண்மீன்களுக்கிடையேயுள்ள தூசியில் காரீயம், அதாவது காபன் உண்டு என்று எழுதினார்கள். அதுவரை அந்தத் தூசி பனித்துகள் என்றே பொதுவாகக் கொள்ளப்பட்டது. 1974இல் விக்கிரமசிங்க இன்னும் ஒரு படி மேலே போனார்: அந்தத் தூசியில் சிக்கலான சேதனச் சேர்வைகளும் உண்டு என்றார்.

அதே காலத்தில் இன்னொரு இலங்கையர் வேறொரு வழியாக இதே கேள்விக்கு வந்து சேர்ந்தார். காலியில் பிறந்து, மதராஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம் பெற்று, பின்னர் இரசாயனவியலுக்குத் திரும்பிய சிறில் பொன்னம்பெரும நாசாவில் பணியாற்றினார். 1969இல் அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லில் அமினோ அமிலங்கள் உண்டென்று அவரது குழு 1970இல் காட்டியது. இடப்பக்க, வலப்பக்க வடிவங்கள் ஏறக்குறையச் சம அளவில் இருந்தன. பூமியின் உயிர்கள் இடப்பக்க வடிவத்தையே பயன்படுத்துவதால், அவை தரையில் ஒட்டிக்கொண்ட அழுக்கல்ல, வானிலிருந்து வந்தவையே என்பது உறுதியாயிற்று. கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தின் பணிப்பாளராக முதலில் விக்கிரமசிங்கவும் அவருக்குப் பின் பொன்னம்பெருமவும் இருந்தார்கள். விண்ணின் சேதனப் பொருளைத் தேடிய இருவர் அடுத்தடுத்து ஒரே ஆசனத்தில் அமர்ந்தது இலங்கை அறிவியல் வரலாற்றில் இன்னும் போதிய அளவு பேசப்படாத செய்தி.

1986 மார்ச் மாதத்தில் ஹேலியை நோக்கி ஐந்து விண்கலங்கள் போயின. சோவியத்தின் வேகா 1, வேகா 2, ஐரோப்பாவின் ஜியோட்டோ ஆகியவை கருவுக்கு மிக நெருங்கின. மார்ச் 14இல் 596 கிலோமீற்றர் தூரத்தில் ஜியோட்டோ கடந்தபோது தூசித் துகளொன்று மோதிக் கலமே ஆட்டங்கண்டது. ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான கரு நிலக்கரியை விடக் கறுப்பாக இருந்தது; தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் அது திருப்பியது. தூசியில் மகனீசியம், சிலிக்கன், இரும்பு இருந்தன. அவற்றோடு, முழுக்க முழுக்கக் காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் ஆகியவற்றாலான துகள்களும் ஏராளம். மார்ச் 31இல் சந்திராவின் தம்பி தயாள் விக்கிரமசிங்கவும் டேவிட் அலனும் அவுஸ்திரேலியத் தொலைகாட்டியால் ஹேலியின் அகச்சிவப்பு நிறமாலையைப் பதிந்தார்கள். 3.4 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் சேதனப் பொருளின் அடையாளம் எழுந்து நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்டது தூசியில் இருந்தது.

ஹேலி பூமிக்கு மிக அருகே வந்தது ஏப்ரல் 11இல், 6.3 கோடி கிலோமீற்றர் தூரத்தில். அமாவாசையை ஒட்டிய இருண்ட நாட்கள் அவை. சித்திரைப் புத்தாண்டு வரவிருந்தது. இலண்டனில் அது அடிவானத்துக்கு மேலே எழவே இல்லை. கந்தளாயில் தென்திசையில் 30 பாகைக்கும் மேலான உயரத்தில் நின்றது. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 20 அதிகாலை மூன்று மணியளவில் கந்தளாய்க் குளம் உடைத்துக்கொண்டது. வரலாற்று நூல்கள் இரண்டாம் அக்கபோதியோடும், கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டனோடும் சேர்த்துச் சொல்லும் அந்தப் பழம்பெரும் குளத்தின் நீர், உறங்கிக்கொண்டிருந்த ஊர்களின் மேல் பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டையும் வயலையும் இழந்தன.

புகைக்கொடியும் குளம் உடைவதும் ஒரே மாதத்தில் வந்தது பழைய நம்பிக்கைக்குத் தீனி. ஆனால் 6 கோடி கிலோமீற்றருக்கு அப்பால், 15 கிலோமீற்றர் நீளமான பனிக்கருவுக்குக் குளக்கட்டில் ஒரு கூடை மண்ணைக்கூட அசைக்கும் ஈர்ப்பு கிடையாது. கட்டின்மேல் ஓடிய பாரமான வாகனங்கள் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டன. அந்த இரவுக்கான விடை கட்டின் மண்ணிலும் அதைப் பராமரித்த விதத்திலும் இருக்கிறது. வானத்தின்மேல் பழிபோடுவது மாண்டவர்களுக்குச் செய்யும் நீதியாகாது.

திருகோணமலைக்கு ஹேலியோடு இன்னொரு உறவும் உண்டு. சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கிக் கோணேசர் ஆலயத்தின் கற்களைத் தேடியவர்களில் ஒருவரும், கொழும்பில் குடியேறி வாழ்ந்தவருமான ஆர்தர் சி. கிளார்க், குளம் உடைந்ததற்கு அடுத்த ஆண்டு வெளியிட்ட நாவலில் மனிதரை ஹேலியின் கருவிலேயே இறக்கினார். அந்தக் கதை நடக்கும் 2061தான் ஹேலி திரும்பி வரும் ஆண்டு.

ஹேலித் துகள்கள் ஜியோட்டோவில் மோதியது நொடிக்கு 68 கிலோமீற்றர் வேகத்தில். அந்த வேகத்தில் எந்தத் துகளும் ஆவியாகிவிடும். என்னென்ன மூலகங்கள் என்று தெரியும், என்ன கனியம், எப்படிப் படிகமானது என்பது தெரியாது. தூசியைச் சிதையாமல் பிடித்துக் கொண்டுவர வேண்டும். 1999 பெப்ரவரி 7இல் புறப்பட்ட நாசாவின் ஸ்டார்டஸ்ட் அதைச் செய்தது. வில்ட் 2 என்ற வால்வெள்ளி நெடுங்காலம் வியாழனுக்கு அப்பால் சுற்றியது. 1974இல் வியாழனின் ஈர்ப்பு அதை உள்ளே திருப்பிவிட்டது. ஆகவே அதிகம் வெயில் காணாதது. 2004 ஜனவரி 2இல் ஸ்டார்டஸ்ட் அதை ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தூரத்தில், நொடிக்கு 6.1 கிலோமீற்றர் வேகத்தில் கடந்தது. பிடிப்பதற்கு ஏரோஜெல் இருந்தது: சிலிக்காவாலான, ஏறக்குறைய முழுவதும் வெற்றிடமான, நீலப்புகை போன்ற திண்மம். துகள் அதில் புகுந்து, கூம்பு வடிவில் தடம் பதித்து, முனையில் போய் நின்றது. 2006 ஜனவரி 15இல் பெட்டகம் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. வந்தது மொத்தமே ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்.

கூம்பின் முனையை வெட்டியெடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது, சூரியனுக்கு முந்திய விண்மீன்களின் தூசி. அது மிகச் சொற்பமாகவே இருந்தது. மாறாக, மகனீசியம் மிகுந்த ஒலிவின் படிகங்கள் கிடைத்தன. விண்மீன்களுக்கிடையேயுள்ள சிலிக்கேற்றுகள் ஏறக்குறைய முழுவதும் படிகமற்றவை; அவற்றைப் படிகமாக்கக் கடும் வெப்பம் வேண்டும். அடுத்து, இன்டி என்று பெயரிடப்பட்ட துகள். கல்சியமும் அலுமினியமும் தைட்டானியமும் செறிந்த அது, சூரியனுக்கு மிக அருகே, 1,000 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் வாயுவிலிருந்து முதன்முதலாக ஒடுங்கிய கனியங்களாலானது. கொண்ட்ரூல் துண்டுகளும் இருந்தன.

முல்லைத்தீவுக் கல்லிலும் பர்நல்லிக் கல்லிலும் இருக்கும் அதே வகை உருகிய துளிகள், உறைபனியான வால்வெள்ளிக்குள் எப்படி வந்தன? ஒரே விடைதான் பொருந்துகிறது. சூரியனைச் சுற்றிய ஆதித்தட்டு உள்ளே சூடு, வெளியே குளிர் என்று அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கவில்லை. தீயில் பிறந்த துகள்கள் கொந்தளிப்பாலும் வீச்சாலும் கோடிக்கணக்கான கிலோமீற்றர் வெளியே தள்ளப்பட்டு, அங்கே உறைந்துகொண்டிருந்த பனியோடு பிசைந்தன. சிறுகோள், வால்வெள்ளி என்ற பிரிவு அந்தக் காலத்துக்கு அத்தனை கறாராகப் பொருந்தாது. வால்வெள்ளித் தூசி கற்பித்தவற்றுள் இதைவிடப் பெரிது எதுவுமில்லை.

இந்தக் கலப்பு எப்போது நடந்தது என்பதையும் துகள் சொல்கிறது. ஆதித்தட்டில் அலுமினியம்-26 என்ற கதிரியக்கச் சமதானி இருந்தது. அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 7.2 இலட்சம் ஆண்டுகள். அது சிதைந்து மகனீசியமாகியதன் அடையாளம் 1969இல் மெக்சிக்கோவில் விழுந்த அயெந்தே கல்லில் 1970களில் கிடைத்தது. 1990களில் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் ஜே. என். கோஸ்வாமி, ஜி. சீனிவாசன் முதலியோர் இன்னும் வேகமாகச் சிதையும் கல்சியம்-41இன் தடயங்களை எஃப்ரெமோவ்கா என்ற கல்லில் ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆண்டு அரைவாழ்வுள்ள அந்தச் சமதானி கல்லுக்குள் எட்டியிருக்கிறதென்றால், அது விண்மீனில் உருவானதற்கும் நம் முதல் திண்மங்கள் ஒடுங்கியதற்கும் இடையே பத்து இலட்சம் ஆண்டுகூட இடைவெளி இல்லை. வில்ட் 2 துகளொன்றிலோ அலுமினியம்-26இன் தடயமே இல்லை. முதல் திண்மங்கள் பிறந்து குறைந்தது முப்பது இலட்சம் ஆண்டு கழித்தே அந்தத் துளி உருகியது. வால்வெள்ளிகள் சூரியத் தொகுதியின் முதல் நாளில் உறைந்தவை அல்ல, தாமதமாகத் திரண்டவை.

ஏரோஜெல்லில் கிளைசீன் என்ற அமினோ அமிலமும் இருந்தது 2009இல் உறுதியானது. காபன் சமதானிகளின் விகிதம் அது பூமியைச் சேர்ந்ததல்ல என்று காட்டியது. 67பி வால்வெள்ளியை 2014 ஓகஸ்ட் முதல் 2016 செப்டெம்பர் வரை உடனிருந்து நோக்கிய ரொசெற்றா விண்கலம், கிளைசீனையும் பொசுபரசையும் அங்கேயே கண்டது. அதன் தூசியின் திணிவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சேதனப் பொருள். ஆனால் அங்குள்ள நீரில் கன ஐதரசன் விகிதம் நம் கடல்நீரில் உள்ளதைப் போல மூன்று மடங்கு. பூமியின் கடல்களை நிரப்பியது இத்தகைய வால்வெள்ளிகள் மட்டுமே என்று இனிச் சொல்ல முடியாது. ஹார்ட்லி 2 என்ற வேறொரு வால்வெள்ளியின் நீர் கடல்நீரை ஒத்திருந்தது. இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

சேதனப் பொருள் உண்டு என்பதிலிருந்து உயிரே உண்டு என்பதற்கு ஹொய்லும் விக்கிரமசிங்கவும் தாவினார்கள். 2012 டிசம்பர் கடைசியில் பொலன்னறுவை மாவட்டத்தில், கந்தளாய்க்குத் தெற்கே, வானத்தில் தீப்பந்து கண்ட பின் பொறுக்கிய கற்களில் நுண்பாசியின் ஓடுகள் இருப்பதாக விக்கிரமசிங்கவின் குழு அறிவித்தது. விண்கல் ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. அவை விண்கற்களே அல்ல, பூமியின் பொருள் என்பதே அவர்கள் முடிவு. வால்வெள்ளித் தூசியில் இதுவரை கிடைத்திருப்பது உயிரின் மூலப்பொருள், உயிர் கிடைக்கவில்லை. விக்கிரமசிங்க 1962இலும் 1974இலும் கூறியவற்றின் பெருமை இதனால் குறையாது. தூசியில் காபன் சேர்வைகளைத் தேடச் சொன்ன முதல் குரல்களில் ஒன்று அவருடையது.

வால்வெள்ளியின் கருவிலிருந்து பனியோடு சேர்ந்த மாதிரி இதுவரை பூமிக்கு வரவில்லை. ஸ்டார்டஸ்ட் பிடித்தது கருவைச் சூழ்ந்த தூசியை. பனி முழுவதும் ஆவியாகிவிட்டது. எளிதில் ஆவியாகும் பொருள்களை உறைநிலையிலேயே வைத்து, வளிமண்டலத்துள் நுழையும் வெப்பத்தையும் தாண்டி இறக்கிக் கொண்டுவருவதுதான் பெரிய தடை. ஐரோப்பிய விண்வெளி முகமை, சூரியனுக்கு முதன்முறையாக வரும் ஒரு வால்வெள்ளியை இடைமறித்துப் பார்க்கக் கொமெட் இன்ரர்செப்ரர் என்ற கலத்தை ஆயத்தப்படுத்துகிறது. எந்த வால்வெள்ளி என்பது முன்கூட்டியே முடிவாகவில்லை. கலம் விண்வெளியில் காத்திருக்கும். தக்க வால்வெள்ளி தென்பட்டதும் அதை நோக்கித் திரும்பும். சூரியன் ஒருமுறையும் சுடாத தூசியின் கனியங்கள் வில்ட் 2இன் கலப்பை ஒத்திருக்குமா என்ற கேள்விக்கு, துகளைக் கையில் கொண்டுவராவிட்டாலும், அங்கிருந்து ஒரு குறிப்பேனும் கிடைக்கக்கூடும்.